24, 45, 61: எந்த மெகாபிக்சலுக்குப் பணம் கொடுப்பது?

ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கக் கடைக்குப் போகிறவர் இன்று பெரும்பாலும் மூன்று எண்களுக்கு நடுவே நிற்கிறார்: 24, 45, 61. மூன்றும் மெகாபிக்சல், அதாவது படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளிகள் என்ற கணக்கு. ஒளியைப் பதியும் தகடான சென்சாரின் பரப்பு மூன்றிலும் ஒன்றுதான். 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். ஒரே மனையை எத்தனை பங்காகப் பிரித்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 6 மைக்ரோமீட்டர், 45இல் 4.35, 61இல் 3.76.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசையாத பொருளைப் படம்பிடிப்பவருக்கு 61 உண்மையாகவே லாபம். அசையும் பொருளைப் பிடிப்பவர் 45ஐ எடுக்கலாம், ஆனால் எந்த 45 என்று பார்த்து எடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு 24 போதும், மிச்சப் பணம் லென்ஸுக்குப் போகட்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 24இலிருந்து 61க்குப் போவது இரண்டரை மடங்கு என்று தோன்றும். அது பரப்பின் கணக்கு. நம் கண் பார்ப்பது நீள அகலத்தில். 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் 6,000 பிக்சல், 61இன் அகலம் 9,504. ஆக, நுணுக்கம் கூடுவது 1.6 மடங்குதான். 24க்கும் 45க்கும் நடுவே இந்தக் கணக்கு 1.4 மடங்குக்கும் சற்றுக் குறைவு. சோனி ஏ7 4 போன்ற 33 மெகாபிக்சல் கேமராக்களில் அகலம் 7,008. 24ஐவிட 17 சதவீதம் கூடுதல். அருகருகே வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டிய அளவு இது. அந்தக் கேமராவை அதன் ஃபோகஸுக்காகவோ வீடியோவுக்காகவோ வாங்குங்கள், மெகாபிக்சலுக்காக வேண்டாம்.

ஓட்டம் நின்ற இடம்

1999இல் வந்த நிக்கான் டி1 கேமராவில் 2.7 மெகாபிக்சல். 2002இல் கேனான் 1டிஎஸ் 11ஐத் தொட்டது. 2008இல் கேனான் 5டி மார்க் 2 என்ற கேமரா 21. 2012இல் நிக்கான் டி800 ஒரே தாவலில் 36.3க்குப் போனபோது, இத்தனை எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு, வரிசையில் நின்றவர்களும் உண்டு. 2015இல் கேனான் 5டிஎஸ் 50.6. 2019இல் சோனி ஏ7ஆர் 4 கேமராவில் 61.

அதன்பின் வேகம் குறைந்துவிட்டது. 2022இல் வந்த ஏ7ஆர் 5 கேமராவிலும் அதே 61. நிக்கான் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது: 2017இன் டி850, 2018இன் இசட்7, 2021இன் இசட்9, 2023இன் இசட்8, நான்கிலும் 45.7. எண் மாறவில்லை, ஆனால் டி850 சென்சாரும் இசட்9 சென்சாரும் உள்ளுக்குள் வேறு வேறு பிறவி. போட்டி எத்தனை பிக்சல் என்பதிலிருந்து, அத்தனை பிக்சலையும் எவ்வளவு வேகமாக வாசிக்க முடியும் என்பதற்கு நகர்ந்துவிட்டது. கடைக்காரர் எண்ணைச் சொல்வார், வேகத்தைச் சொல்ல மாட்டார். வாங்குகிறவர் கேட்க வேண்டியது இரண்டாவதை.

வாசிக்கும் வேகம்

சென்சார் தன் மேல் விழுந்த ஒளியை ஒரே நொடிப்பில் கணக்கெடுத்து முடிப்பதில்லை. மேல் வரிசையில் தொடங்கிக் கீழ் வரிசைவரை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வருகிறது. 24 மெகாபிக்சலில் 4,000 வரிசைகள், 61இல் 6,336. வரிசை கூடினால் நேரமும் கூடும். ஏ7ஆர் 5 கேமராவில் ஷட்டர் திரையைப் பயன்படுத்தாமல், சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் எடுத்தால் முழுப் படத்தையும் வாசித்து முடிக்க ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி ஆகிறது. அந்த இடைவெளியில் பறவையின் சிறகு பாதி அடித்து முடித்திருக்கும், கிரிக்கெட் மட்டை வாழைப்பழம்போல் வளைந்து பதிந்திருக்கும். கல்யாண மண்டபத்து எல்இடி விளக்குகளின் கீழே படத்தில் பட்டை பட்டையாக இருளும் வெளிச்சமும் விழும். பழைய முறையில் இயந்திர ஷட்டரைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை அடங்கிவிடும். பதிலுக்குச் சத்தம் வரும், தேய்மானம் வரும்.

இதற்குக் கண்ட தீர்வுதான் அடுக்குச் சென்சார். ஒளியைப் பிடிக்கும் தகட்டின் முதுகில் வேகமான நினைவகத்தையும் கணக்கிடும் சுற்றுகளையும் ஒட்டிவிடுகிறார்கள். பிக்சல்கள் தங்கள் கணக்கை உடனடியாகப் பின்னால் தள்ளிவிடுகின்றன. நிக்கான் இசட்9 கேமராவின் 45.7 மெகாபிக்சல் சென்சார் நொடியில் 250இல் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் வாசித்து முடிக்கிறது. அந்தத் துணிச்சலில்தான் நிக்கான் அதிலும் இசட்8 கேமராவிலும் இயந்திர ஷட்டரையே எடுத்துவிட்டது. 2024இல் கேனான் ஆர்5 மார்க் 2 கேமராவும் 45 மெகாபிக்சலிலேயே அடுக்குச் சென்சாருக்கு மாறியது.

24இன் பக்கத்திலும் இந்த ஓட்டம் உண்டு. சோனி ஏ9 3 கேமராவின் 24.6 மெகாபிக்சல் சென்சார் எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் பதிகிறது. வளைவு என்ற பேச்சே இல்லை, எந்த ஷட்டர் வேகத்திலும் ஃப்ளாஷ் ஒத்துழைக்கிறது. அதற்குக் கொடுத்த விலை, ஒளிக்கான உணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண் அதில் வழக்கத்தைவிட உயர்ந்த 250இலிருந்துதான் தொடங்குகிறது. நிக்கான் இசட்6 3 பாதி அடுக்கு என்ற நடுவழியை எடுத்தது. அதன் 24.5 மெகாபிக்சல், முழு அடுக்கின் விலையில்லாமல் ஓரளவு வேகத்தைத் தருகிறது. நிழற்பகுதிகளை மிகவும் வெளிச்சமாக்கிப் பார்த்தால் கொஞ்சம் இரைச்சல், அதாவது மணல் தூவியதுபோன்ற புள்ளிகள், தெரியும்.

ஆகவே 45 என்ற எண்ணுக்குள்ளேயே இரண்டு வேறு கேமராக்கள் இருக்கின்றன. இசட்7 வரிசையின் 45 நிலக்காட்சிக்கு, இசட்8இன் 45 பருந்துக்கு. எண்ணை மட்டும் பார்த்தால் முதலாவது மலிவாகத் தெரியும், பருந்து அதை ஒத்துக்கொள்ளாது.

சின்ன பிக்சல் இருட்டில் தோற்குமா?

மெகாபிக்சல் கூடினால் இருட்டில் படம் கெடும் என்பதைப் பதினைந்து வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதில் பாதிதான் உண்மை. ஒரு சின்ன பிக்சலில் விழும் ஒளித்துகள்கள் குறைவு. ஒளியின் இயல்பான ஏற்ற இறக்கம் அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே தனிப் பிக்சலாகப் பார்த்தால் இரைச்சல் அதிகம். படத்தை யாரும் பிக்சல் பிக்சலாகச் சுவரில் மாட்டுவதில்லை. சென்சாரின் மொத்தப் பரப்பு ஒன்றே, விழுந்த மொத்த ஒளியும் ஒன்றே. 61 மெகாபிக்சல் படத்தை 24 அளவுக்குச் சுருக்கி, அல்லது இரண்டையும் ஒரே அளவில் பிரிண்ட் போட்டுப் பார்த்தால், ஒரே தலைமுறைச் சென்சார்களுக்கு நடுவே வித்தியாசம் சொற்பம்.

முன்பு இந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. பழைய சென்சார்களில் மின்கம்பிகள் பிக்சலுக்கு முன்னால் ஓடின. பிக்சல் சிறுத்தால் கம்பி மறைக்கும் பங்கு கூடும். கம்பிகளைப் பின்னால் தள்ளி, தகட்டைத் திருப்பிப் போட்டு ஒளியை நேரே விழவிடும் முறையை ஃபுல் ஃபிரேமுக்கு முதலில் கொண்டுவந்தது 2015இன் ஏ7ஆர் 2. அதில் 42.4 மெகாபிக்சல். அதோடு பழைய குற்றச்சாட்டின் பெரும்பகுதி காலாவதியானது. ஐஎஸ்ஓ 25,600க்கு மேலே போகிறவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு சிறு வித்தியாசம் மிச்சமிருக்கிறது.

அப்படியானால் 12 மெகாபிக்சல் ஏ7எஸ் 3 எதற்கு என்று கேட்கலாம். அது வீடியோவுக்கு. அதன் அகலம் 4,240 பிக்சல். 4கே வீடியோவுக்கு வேண்டியது 3,840. ஏறக்குறைய முழு சென்சாரையும் வீணில்லாமல், வேகமாக, சூடாகாமல் வாசித்துவிடலாம். எதிர்முனையில் 8கே வீடியோவுக்கு 7,680 பிக்சல் அகலம் வேண்டும். புகைப்படச் சட்டத்தின் விகிதத்தில் கணக்கிட்டால் 39 மெகாபிக்சலுக்குக் கீழே அது நடக்காது. கேனான் ஆர்5 45இல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

லென்ஸ், கை, துளை

61 வாங்குகிறவர் அதோடு நல்ல லென்ஸும் வாங்க வேண்டும் என்பது தெரிந்த கதை. தெரியாத கதை, எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் ஒளி நுழையும் துளையைச் சுருக்கும்போது ஒளி சிதறும் என்பது. எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். புள்ளி ஒளி ஒன்று எஃப் 5.6 துளையில் சுமார் 7.5 மைக்ரோமீட்டர் வட்டமாக விரிகிறது. எஃப் 8இல் 10.7, எஃப் 16இல் 21. 3.76 மைக்ரோமீட்டர் பிக்சலுக்கு எஃப் 16 வட்டம் ஏறக்குறைய ஆறு பிக்சல் அகலம். முன்னாலுள்ள பாறை முதல் பின்னாலுள்ள மலைவரை எல்லாம் தெளிவாக வேண்டும் என்று எஃப் 16இல் வைத்து எடுப்பவர், 61க்குக் கொடுத்த பணத்தின் பெரும்பகுதியைத் துளையிலேயே விட்டுவிடுகிறார். எஃப் 5.6இலோ 8இலோ வெவ்வேறு தூரங்களில் ஃபோகஸ் செய்து பல படங்களை எடுத்து, கணினியில் ஒன்றாக அடுக்கும் பொறுமை இருந்தால் மட்டுமே முழு லாபம்.

கை நடுக்கமும் அப்படித்தான். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஐம்பதில் ஒரு நொடி போதும் என்பது ஃபிலிம் காலத்து விதி. பிக்சல் சிறுத்தால் சிறு நடுக்கமும் படத்தில் தெரியும். டி800 வந்தபோது நிக்கான் தனியே ஒரு தொழில்நுட்பக் கையேடு வெளியிட்டு, முக்காலி, லைவ் வியூ (பின்திரையில் பார்த்து எடுப்பது), தகுந்த லென்ஸ் என்று பாடம் நடத்த வேண்டியிருந்தது. கேனான் 5டிஎஸ் கேமராவில், பார்க்கும் துளைக்கு ஒளியைத் திருப்பும் உள்கண்ணாடி மேலெழும் அதிர்வைக் குறைக்கவே அதன் பொறிமுறையை மாற்றி அமைத்தார்கள். இப்போது கண்ணாடி போய்விட்டது, சென்சாரே அசைந்து நடுக்கத்தைச் சமன் செய்கிறது. ஆனால் அது உங்கள் கையைத்தான் கட்டுப்படுத்தும். ஓடுகிற குழந்தையை நிறுத்தாது.

சிறு பிக்சலுக்குச் சாதகமான ஒன்று பட்டுப்புடவை. நெருக்கமான நெசவும் பிக்சல் வரிசையும் கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில் அமையும்போது, புடவையில் இல்லாத வண்ண அலைகள் படத்தில் தோன்றும். மாய்ரே என்பார்கள். இதன் வேர் 1976இல் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டியில் இருக்கிறது: பிக்சல்களில் பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது, மற்ற இரண்டும் அக்கம்பக்கத்தைப் பார்த்துச் செய்யும் ஊகம். பழைய கேமராக்களில் இதைத் தடுக்கச் சென்சாருக்கு முன்னால் படத்தை லேசாக மழுக்கும் ஒரு தகடு இருந்தது. டி800இ கேமராவில் அதன் விளைவை ரத்துசெய்தார்கள், 2014இன் டி810 கேமராவில் தகட்டையே எடுத்துவிட்டார்கள். பிக்சல் சிறுக்கச் சிறுக்க, சிக்கல் வருவதற்கு நெசவு இன்னும் மெல்லியதாக இருக்க வேண்டும். ஜவுளிக்கடை விளம்பரத்துக்குப் படமெடுப்பவர் இந்த ஒரு காரணத்துக்காகவே 61ஐப் பார்க்கலாம்.

படம் கடைசியில் எங்கே போகிறது?

4கே தொலைக்காட்சியில் மொத்தமே 8.3 மெகாபிக்சல்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதுவே சுருக்கிவிடும். திரைக்காக எடுப்பவருக்கு 24 தாராளம்.

நம் ஊர்க் கல்யாண ஆல்பம் கொஞ்சம் சுவையான கேள்வி. பரவலாகப் போடும் 12க்கு 36 அளவில், விரித்த இரு பக்கமும் சேர்ந்து 36 அங்குலம், ஒரு பக்கம் 18. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சு அளவில் ஒரு பக்கத்தை நிரப்ப 5,400க்கு 3,600 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் படம் அதைவிடச் சற்றுப் பெரியது. ஒரே படத்தை இரு பக்கமும் பரப்பினால் மட்டும் 24இல் அங்குலத்துக்கு 167 புள்ளிதான் கிடைக்கும், 61இல் 264. அப்படிப் பரப்புவது ஆல்பத்துக்கு ஓரிரண்டு படம். அதையும் மடியில் வைத்துப் பார்க்கும் அத்தைமார்கள் முகத்தைத்தான் தேடுவார்கள், புள்ளியை அல்ல.

ஃப்ளெக்ஸ் விஷயத்தில் கணக்கு தலைகீழ். சராசரிக் கண் பிரித்தறியும் கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. முப்பது அடி தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு அங்குலத்துக்குப் பத்துப் புள்ளி போதும். இருபது அடி அகலப் பேனருக்கு 2,400 பிக்சல். 1999இன் டி1 கேமராவே 2,000 பிக்சல் அகலம் தந்தது. பேனர் அடிப்பதற்காக 61 வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சேமிப்பையும் இங்கேயே பார்த்துவிடலாம். சுருக்காத ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) ஒரு பிக்சலுக்கு இரண்டு பைட் என்று வைத்தால், 24இல் படத்துக்கு 48 எம்பி, 61இல் 122 எம்பி. வரவேற்பும் முகூர்த்தமுமாக 4,000 படம் எடுத்தால் முதலாவது 192 ஜிபி, இரண்டாவது 488 ஜிபி. தொழில்செய்பவர் இரண்டு பிரதியாவது வைப்பார். தரம் இழக்காத சுருக்கம் இரண்டையும் குறைக்கும், விகிதம் அப்படியே நிற்கும். வேகமான கார்டு, பெரிய டிஸ்க், புதிய கணினி என்று செலவு பின்னாலேயே வரும். ஏ7ஆர் 5 தன் ரா கோப்பை 26, 15 மெகாபிக்சலிலும், லைக்கா எம்11 தன் 60ஐ 36, 18 ஆகவும் எழுத வசதி தருகின்றன. எல்லா நேரமும் முழு அளவு தேவைப்படாது என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

பெரிய எண் நிஜமாகவே வேண்டியவர்கள்

வேடந்தாங்கலிலோ கூந்தங்குளத்திலோ நீண்ட லென்ஸோடு நிற்பவர்களுக்குப் பிக்சல் என்பது கூடுதல் தூரம். 600 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி 900 மில்லிமீட்டர் பார்வைக்குக் கொண்டுவந்தால், 24இல் மிஞ்சுவது பத்துச் சொச்சம் மெகாபிக்சல், 45இல் 20, 61இல் 27. கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 61 அருமை. அது கூட்டைவிட்டு எழும் கணத்தில் முன்பு சொன்ன பத்தில் ஒரு நொடி குறுக்கே நிற்கும். இங்கே நான் தயங்காமல் அடுக்குச் சென்சார் 45ஐச் சொல்வேன்.

ஓலைச்சுவடிகளைப் படியெடுக்கும் வேலையில் முடிவு வேறு. புதுச்சேரியில் இருக்கும் சைவச் சுவடிகளின் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. அதுபோன்ற தொகுப்புகளைத் தவிரவும் மடங்களிலும் வீடுகளிலும் படம்பிடிக்கப்படாத கட்டுகள் ஏராளம். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓலை ஒன்றைச் சட்டத்தின் முழு அகலத்துக்கு நிறுத்தினால், 24இல் அங்குலத்துக்கு 381 பிக்சல், 45இல் 524, 61இல் 603. ஓரம் விட்டு, பக்கத்தில் அளவுகோலும் வண்ண அட்டையும் வைத்தால் இன்னும் சற்றுக் குறையும். ஒரு கீறல் எழுத்தாணி இட்டதா பூச்சி அரித்ததா என்று பிற்பாடு ஒரு பதிப்பாசிரியர் மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு பார்க்கப் போகிறார். அவருக்கு ஒவ்வொரு பிக்சலும் காசு. ஓலை அசையாது, விளக்கு நம் கையில், கேமரா தாங்கியில். வாசிக்கும் வேகத்தைப் பற்றிய கவலையே எழாது. போதாததற்கு, சென்சாரை இம்மி இம்மியாக நகர்த்தி நான்கு படம் எடுத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று நிறமும் ஊகமில்லாமல் கிடைக்கும். பதினாறு எடுத்தால் 240 மெகாபிக்சல். ஓலைக்கு இது வரப்பிரசாதம், காற்றில் ஆடும் தென்னங்கீற்றுக்கு இது குப்பை.

இந்த வேலையையே தொழிலாகச் செய்யும் நிறுவனத்துக்கு 102ஐயும் சொல்லலாம். ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ்100 வரிசையின் சென்சார் 43.8க்கு 32.9 மில்லிமீட்டர். பிக்சலின் அளவு அதே 3.76 மைக்ரோமீட்டர், பரப்பு மட்டும் பெரிது. பிக்சலைச் சிறிதாக்காமல் எண்ணிக்கையைக் கூட்டும் ஒரே நேர்வழி அதுதான், லென்ஸ்களின் எடையிலும் விலையிலும் அது தெரியும். கைப்பேசிகளின் 200 மெகாபிக்சல் இந்தக் கணக்கில் சேராது. 0.6 மைக்ரோமீட்டர் பிக்சல்களைப் பதினாறு பதினாறாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் அவை வழக்கமாகத் தருகின்றன.

முடிவெடுக்கும் முன் செய்யக்கூடிய இரண்டு வேலைகள் இருக்கின்றன. இப்போதைய கேமராவில் கடைசியாக முடித்துக் கொடுத்த படங்களைத் திறந்து, அவற்றில் எத்தனையைப் பாதிக்கு மேல் வெட்டியிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். அனேகமாக எதையும் வெட்டவில்லையென்றால் 24இலேயே நில்லுங்கள். நிறைய வெட்டியிருந்தால், சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் கேமரா வாடகைக்குக் கிடைக்கிறது. பெரிய எண் கேமராவை ஒருநாள் எடுத்து, உங்களிடம் இருக்கும் அதே லென்ஸை மாட்டி, நீங்கள் வழக்கமாக எடுப்பதையே எடுத்து, வழக்கமான லேபில் வழக்கமான அளவில் பிரிண்ட் போட்டுப் பாருங்கள். கோப்பைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டு பிரிண்டையும் பெயர் சொல்லாமல் வீட்டிலிருப்பவரிடம் நீட்டி, எது நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள்.